கடலை மிட்டாய்க்கு ஒரு முத்திரை

வீடியோ எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவள் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

முக்காட்டைச் சரிசெய்தாள். துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

வெல்லப்பாகு கொதிக்கத் தொடங்கியிருந்தது.

முதலாளி கோமதிநாயகம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாலு வருடமாக அந்தக் கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாகுக்குப் பதம் சொல்வது அவள்தான். மற்றவர்கள் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். அவளுக்கு அது வேண்டாம். மணம் போதும்.

எல்லாம் போன வாரம் ஆரம்பித்தது.

யாரோ ஒருவன் மதுரையில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு, அந்தக் கம்பெனியின் மிட்டாய்ப் பாக்கெட்டைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். பின்பக்க மூலையில் சின்னதாக ஹலால் முத்திரை. கடலையும் வெல்லமும்தானே, இதற்கு எதற்கு ஹலால் என்று கேட்டான். அவங்க ஓதித் துப்பிக் கொடுக்கிறதைத்தான் நம்ம பிள்ளைங்க தின்னுதுங்களா என்று கேட்டான்.

மூன்றே நாளில் அது ஊரிலிருந்த எல்லாப் போன்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கோமதிநாயகத்துக்கு அதை அனுப்பியது அவருடைய சொந்த அக்கா.

கீழே ஒரு வரி. 'தம்பி, இது நிஜமா?'

அவர் எல்லாரிடமும் விளக்கிப் பார்த்தார். மலேசியாவில் சரக்கு எடுக்கிறவர் கேட்டதால் வாங்கிய சான்றிதழ் அது. அதற்காக வந்தவர் ஓதவும் இல்லை, ஊதவும் இல்லை. ஏலக்காய் எசன்ஸில் ஆல்கஹால் இருக்கிறதா என்று கேட்டார். தட்டில் என்ன எண்ணெய் தடவுகிறீர்கள், அதில் மிருகக் கொழுப்பு உண்டா என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஒரு துண்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளையார் கோயில் கமிட்டியிலும் இதையே சொன்னார். நின்றபடி சொன்னார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

இருபது வருடமாகச் சதுர்த்திக்கு அவருடைய மிட்டாய்தான். இந்த வருடம் வேண்டாம் என்றார்கள்.

செயலாளர் வாசல்வரை கூடவே வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்க கம்பெனியில அவங்க ஆளு யாராச்சும் வேலை பாக்காங்களா?"

கேட்காத மாதிரி அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிடலாம் என்றது மகள் பிரதீபாதான். பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்றாள். கல்லூரியில் படிக்கிறவள். அப்படித்தான் நம்பினாள்.

இப்போது பிரதீபா போனைத் தூக்கினாள். ஃப்ரேமில் அடுப்பும் துடுப்பும் முக்காடும் தெரிந்தன.

கோமதிநாயகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மைமூனு, நீ செத்த நேரம் கோடவுனுக்குள்ள இருக்கியா? இது முடியட்டும்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. வெளிச்சத்தை மறைக்கிறோமோ என்று இரண்டடி தள்ளி நின்றாள்.

அவர் இன்னும் பாகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் விளங்கியது.

துடுப்பைப் பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கும் செல்வியிடம் கொடுத்தாள். அடிபிடிக்காமல் கிண்டு என்று சொன்னாள். கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடலை மூட்டைகளுக்கு நடுவே போனாள்.

கதவை அவரே சாத்தினார்.

பிரதீபா எதுவோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

வறுத்த கடலை. வெல்லம். செல்வியின் நெற்றியில் குங்குமம். சுவரில் முருகன்.

கோமதிநாயகம் கும்பிட்டுக்கொண்டு பேசினார். எங்களிடம் ஒளிவு மறைவு கிடையாது என்றார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, பதம் வந்துட்டு. இறக்கச் சொல்லுங்க."

செல்வி பதறிப்போய்ச் சட்டியை இறக்கினாள். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அத்தனையும் கசந்துபோயிருக்கும்.

திரும்ப எடுக்கலாமா என்று மகள் கேட்டாள்.

வேண்டாம் என்றார். அந்த இடத்தில் சத்தத்தை எடுத்துவிட்டு நாதஸ்வரம் போடச் சொன்னார்.

வீடியோ நன்றாக ஓடியது. லட்சத்தைத் தாண்டியது.

'நம்ம ஆளுங்க கை. பாக்கவே நிறைவா இருக்கு' என்று முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். கோமதிநாயகம் அதற்கு ஓர் இதயம் போட்டார். போட்ட பிறகு அதை எடுக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். எடுக்கவில்லை.

செயலாளர் போன் செய்தார். சதுர்த்திக்கு வழக்கம்போல அனுப்பிவிடுங்கள் என்றார்.

பெருமையாக இருக்கிறது தம்பி என்றாள் அக்கா.

மைமூன் மறுநாளும் எட்டு மணிக்கு வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். பதம் சொன்னாள். அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாளா என்று தெரியவில்லை. அவர் சொல்ல நினைத்தார். ஒவ்வொரு நாளும் வேறு ஏதாவது வேலை வந்தது.

திங்கட்கிழமை அவளே பேச்செடுத்தாள்.

"வீடியோ நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. மருமவன் திருப்பூர்ல பாத்துட்டு போன் போட்டாரு. மாமி வருவாங்கன்னு கடைசி வரைக்கும் பாத்தாராம். எங்க காணோம்னு கேட்டாரு."

வெல்லம் உடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"அன்னைக்குக் காய்ச்சல், நான் வேலைக்குப் போகலைன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, இது போதுமா என்று கேட்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் தலையாட்டினார்.