ஃப்ரீசர் உருகிய காலை

முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா என்று சீனியர் அக்காவிடம் கேட்க வந்தவள் ஆய்வக வாசலிலேயே நிற்கிறாள். ஃப்ரீசரிலிருந்து உருகிய தண்ணீர் அவள் செருப்பை நனைக்கிறது. அக்கா குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் கவிழ்க்கிறாள். அவள் ஆய்வுக்காக நான்கு வருடமாகச் சேர்த்த ரத்த மாதிரிகள். வாளி பழுப்பாகிக்கொண்டே போகிறது. அறையெங்கும் கெட்ட வாடை. ஃப்ரீசரின் பிளக் தரையில் கிடக்கிறது. அது இருந்த சாக்கெட்டில் பேராசிரியரின் டீ கெட்டில் பிளக் செருகியிருக்கிறது, கெட்டில் இப்போதும் கொதிக்கிறது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“என்னக்கா இது?”

“ஒண்ணுமில்ல. கையுறை போட்டுக்கிட்டு இதைப் பிடி.”

பேராசிரியர் கோப்பையோடு உள்ளே வருகிறார். வாளியைத் தாண்டிக் கெட்டிலை எடுக்கிறார். “சேர வந்த பொண்ணா? குடுத்து வச்சவம்மா நீ. ஃப்ரீசர் முழுக்க உனக்குத்தான்.”