திருப்பிக் கொடுத்தால் போதாதா?

"நம்ம பையனை நாமளே கோர்ட்டுல நிறுத்தலாமா?"

மலாக்கா போர்த்துகீசியக் குடியிருப்பில் எந்த வீட்டு வாசலில் நாலு பேர் கூடினாலும் இதே பேச்சுதான்.

ரோசலிண்ட் கடலை ஒட்டி மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். கெல்வின் அவள் தெருவிலேயே வளர்ந்தவன். மாதா கோயிலில் கிதார் வாசிப்பான். டவுனில் ஏசி போட்ட ஆபீஸ் திறந்து, பணத்தை எதில் போடலாம் என்று ஆலோசனை சொல்லிச் சம்பாதித்துக்கொண்டிருந்தான்.

கடைக்கு மாடி எடுக்க ரோசலிண்ட் சேர்த்து வைத்திருந்ததை, புதிதாக வரப்போகிற ஹோட்டல் ஒன்றில் போடச் சொன்னதும் அவன்தான். கடையையும் பேங்கில் அடமானம் வைத்து இன்னும் கொஞ்சம் போடுங்கள், என் பணத்தையே அதில்தான் போட்டிருக்கிறேன் என்றான். ரோசலிண்ட் நம்பினாள். அந்த இடத்தில் லாலாங் புல்லைத் தவிர எதுவும் எழும்பவில்லை.

கெல்வின் அதில் தன் பணம் ஒரு வெள்ளிகூடப் போடவில்லை என்பதும், ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு ஹோட்டல்காரனிடம் ரகசியமாகக் கமிஷன் வாங்கியிருந்தான் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. கடை ஏலத்துக்குப் போகிற நிலை. ரோசலிண்ட் வழக்குப் போட்டாள்.

அதுவரை ஊர் அவள் பக்கம்தான் இருந்தது.

விசாரணை தொடங்கி கொஞ்ச நாளில் கெல்வினின் வக்கீல் சமரசம் பேச வந்தார். போட்ட பணம் முழுவதையும் ஒரே தவணையில் திருப்பித் தந்துவிடுகிறோம், வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு யாரிடமும் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும் என்றார். ரோசலிண்ட் சந்தோஷமாகத் தலையாட்டினாள். மறுநாள் கையெழுத்துப் போடுவதாகவும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் முடியாது என்றுவிட்டாள். பணமும் வேண்டும், தண்டனை இழப்பீடும் வேண்டும், தீர்ப்பு எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றாள்.

அவ்வளவுதான், ஊர் கெல்வின் பக்கம் சாய்ந்துவிட்டது. பேராசைக்காரி என்றார்கள். பேப்பரில் பெயர் வர ஆசைப்படுகிறாள் என்றார்கள். இனி அவள் கடையில் மீனுக்குப் பதில் கெல்வினைத்தான் காரசாரமாக டெபல் கறி வைப்பாள் என்று ஒரு கிண்டல் வேறு.

பக்கத்து வீட்டு பெர்னடெட், பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி, நேராகவே வந்து கேட்டுவிட்டாள்.

"முழுப் பணமும் வருது. இன்னும் என்னடி வேணும் உனக்கு?"

"அது போதாது."

"அவன் அம்மா முகத்தையாவது பாரு. தினமும் கோர்ட்டுல வந்து உட்கார்ந்திருக்காங்க, பாவம்."

"பார்த்துட்டுதான் இருக்கேன்" என்றாள் ரோசலிண்ட்.

பெர்னடெட் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மீனவர்களின் சான் பெட்ரோ திருநாளுக்குப் படகுகளை அலங்கரித்தபோதுகூட ரோசலிண்டை யாரும் கூப்பிடவில்லை. அவள் தன் பாட்டுக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாகத் தீர்ப்பு வந்தது. நம்பி வந்தவரிடம் தெரிந்தே பொய் சொல்லி லாபம் பார்த்தது குற்றம் என்றார் நீதிபதி. ரோசலிண்ட் இழந்ததைக் கெல்வின் கொடுக்க வேண்டும்; பிடிபட்டால் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் துணியாதபடி, அதற்கு மேலும் ஒரு பெரிய தொகையைத் தண்டனை இழப்பீடாகக் கட்ட வேண்டும் என்றார். கெல்வினின் புது கார் அதற்கே போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கடையில் எல்லாம் பாதி விலை என்று ரோசலிண்ட் எழுதிப் போட்டாள். அவளைத் திட்டியவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். கோபம் வேறு, நண்டு வேறு. பெர்னடெட்கூட வந்து, யாரையும் பார்க்காமல் ஒரு மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கெல்வினின் அம்மா இனேஸ் உள்ளே வந்தார்.

கடையே திரும்பிப் பார்த்தது. பெர்னடெட் பதறி எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க ஆன்ட்டி? வாங்க, என் வீட்டுல சாப்பிடலாம்."

"உன் கறி தண்ணியா இருக்கும்மா. என்னை விடு, இங்கயே சாப்பிடறேன்."

"உங்க பையனை இப்படிச் சந்தி சிரிக்க வெச்சவ கையாலயா?"

ரோசலிண்ட் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, வேண்டாம். அந்தப் பேச்சு வேண்டாம்" என்றாள்.

"எனக்காக நீ பேச்சு வாங்கினது போதும்மா" என்றார் இனேஸ். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு பெர்னடெட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"சின்ன வயசுல கெல்வின் எங்கயாவது எதையாவது எடுத்துட்டு வருவான். நான் யாருக்கும் தெரியாம அதைத் திருப்பி வெச்சுட்டு வந்துடுவேன். மாட்டினா திருப்பிக் கொடுத்தா போதும்னு அவனுக்குப் பழக்கிவிட்டது நான்தான். இந்தத் தடவையும் அப்படியே முடிஞ்சா அவன் திருந்தவே மாட்டான்னுதான், அன்னைக்குக் கையெழுத்துப் போடக் கிளம்பினவளை வழியில மறிச்சு, 'என் பையனை விட்டுடாதே'ன்னு கெஞ்சினேன்."