லிங்கனில் முத்திருளன்

இங்கிலாந்தில், லிங்கன் நகரத்து மாடி பஸ்ஸின் கீழ்த்தட்டில், முன் சீட்டில் முத்திருளன் உட்கார்ந்திருந்தபோது, திருவாதவூரிலிருந்து மச்சினன் சுருளி வீடியோவில் கூப்பிட்டான்.

"எங்க இருக்கீக மச்சான்?"

"ஊர் சுத்துறேன் மாப்ள. கோட்டையப் பாத்தாச்சு, பெரிய மாதா கோயிலையும் பாத்தாச்சு."

"கூட யாரு?"

"ஒத்தையிலதான். சத்யப்ரியாவுக்கு இன்னிக்கு வேலை."

சுருளிக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த அப்பனுக்காக ஒரு நாள் லீவு போடக் கூடாதா அவ? இங்கிலீசு தெரியாத மனுசன், எறங்குற எடத்த விட்டுட்டா என்ன செய்வீக?"

"டிரைவர் சொல்லிருவாக. தங்கமான ஆளு."

"வெள்ளைக்காரன் சொல்றது ஒங்களுக்கு வெளங்குமா?"

கடைசி ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஒவ்வொருவரும் டிரைவருக்கு 'தேங்க் யூ' சொல்லிவிட்டு இறங்கினார்கள். தனக்கே சொன்னதுபோல முத்திருளன் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். கடைசி ஆளும் இறங்கியதும் போனில் பஸ்ஸின் மாடிப்படியைக் காட்டிவிட்டு, டிரைவர் சீட் பக்கம் திருப்பினார்.

சீருடையில் இருந்த பெண் திரும்பிச் சிரித்தாள். "நல்லா இருக்கீகளா மாமா? காலையிலருந்து அப்பாவ நான்தான் சுத்திக் காட்டுறேன்."

சுருளி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"மச்சான்... இம்புட்டுப் பெரிய மாடி பஸ்ஸ ஓட்டுறது நம்ம புள்ளையா?"

"நம்ம புள்ளதான் மாப்ள!"

"போன வச்சிராதீக!" என்று கத்திக்கொண்டே, சட்டைகூடப் போடாமல் டீக்கடையை நோக்கி ஓடினான் சுருளி.