பின்சீட்டு

தோல் பதனிடும் ஷாப்பில் டிரைவர் வேலை போனபிறகு கங்காதரன் நம்பியிருந்தது அதே தெருவிலிருந்த அமிர்தவள்ளியம்மாளின் பழைய மோரிஸ் காரைத்தான். பழுதுபார்த்து ஆம்பூரில் வாடகைக்கு ஓட்டலாம். அந்த அம்மாளின் கணவர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அதன் பின்சீட்டில்தான் உயிரை விட்டார். அன்றிலிருந்து கார் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது.

“குடுக்க முடியாதுப்பா. அவரு இன்னும் எறங்கல.”

எப்போது கேட்டாலும் இதே பதில். இன்று வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை. கங்காதரன் கொட்டகைக்குப் போய், அந்த அம்மாள் பார்த்திருக்கவே காரின் பின்கதவைத் திறந்து கும்பிட்டான்.

“ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன். தயவுபண்ணி எறங்குங்க.”

பள்ளமாக அமுங்கியிருந்த சீட்டு மெல்ல மேலெழுந்து சமமானது.

அமிர்தவள்ளியம்மாள் சாவியை அவன் கையில் திணித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். இருபுறமும் பார்த்தாள்.

“எந்தப் பக்கம்பா போனாரு?”