இரண்டு விரல் உயரம்

தணிகாசலம் வீட்டிலேயே ஒரு கார் செய்தார். பிரேக் மிதியை ஆக்சிலேட்டரைவிட இரண்டு விரல் உயரமாகப் பொருத்தினார்.

"அக்கா மட்டும் ஏன் இப்படித் தூக்கிட்டு நிக்கிறீங்க? அவர் கால் இடிக்குதுல்ல?" என்றது ஆக்சிலேட்டர்.

"அழுத்தினா கீழே இறங்க எனக்கு இடம் வேணும் தம்பி."

"எங்களுக்கெல்லாம் இடம் பத்தலையா?"

பக்கத்திலிருந்த கிளட்ச் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

தணிகாசலத்தின் செருப்பு பிரேக்கில் தட்டியது. "இது தொந்தரவு" என்று நட்டைத் திருகிக் கொஞ்சம் இறக்கினார். மறுநாள் மறுபடி இறக்கினார். மூன்றாம் நாள் மூன்று மிதிகளும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"இப்பதான் பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருக்கோம்" என்றது ஆக்சிலேட்டர்.

முதல் ஓட்டத்தில் தெருச் சரிவில் வண்டி வேகமெடுத்தது. அவர் பிரேக்கை மிதித்தார். அது முழு பலத்தோடு இறங்கியது. சக்கரங்கள் பிடிபடத் தொடங்கும்போதே மிதிக்குக் கீழே வண்டியின் தரை வந்துவிட்டது. வண்டி எதிர்வீட்டுச் சுவரில் மோதி நின்றது.

தணிகாசலம் நெற்றியைத் தடவிக்கொண்டே இறங்கினார். "இதை நம்பினேன் பாரு" என்றார்.

"அக்காவுக்கு ஆரம்பத்துலேர்ந்தே வலு கிடையாது" என்றது ஆக்சிலேட்டர்.

தரையோடு ஒட்டிக் கிடந்த பிரேக், கிளட்ச்சைப் பார்த்தது.

"ஆமா" என்றது கிளட்ச்.