பதினாறடி ஹார்பர் லைன்

"பலகையைப் பள்ளுருத்தி வர்ற இடத்துல அறுத்துடலாம் சங்கரேட்டா. இல்லேன்னா இது படியிறங்காது."

அனூப் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். சங்கரலிங்கம் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பதினாறடிப் பலகை, அதன்மேல் அந்தக் கால ஹார்பர் ரயில் பாதை முழுக்க, தீப்பெட்டி அளவு என்ஜின்களோடும் விரல்நீளப் பெட்டிகளோடும். அவருடைய இருபது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அதில்தான் போயின.

யூதர் தெருவான ஜூ டவுனில் சுக்குக் குடோன் மாடியில் நடந்த குட்டி ரயில் சங்கத்தில் இப்போது மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான். குடோன்காரர் மாடியைக் காப்பிக் கடைக்கு விட்டுவிட்டார்; சாயங்காலத்துக்குள் காலி செய்தாக வேண்டும். பள்ளிக்கூடம், லைப்ரரி, ஓட்டல் என்று கேட்டுப் பார்க்காத இடமில்லை. ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள், பாவிகள்!

போன் அடித்தது. மனைவி பொன்மணி.

"நாளைக்குக் கோர்ட்டுல சாட்சி சொல்லணும், ஞாபகம் இருக்கா? வக்கீலம்மா ஒருதடவ வந்து பேசிட்டுப் போகச் சொல்றாங்க. இருக்கிற வீடு போகப்போகுது, நீங்க பொம்ம ரயிலக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க."

"வர்றேன் புள்ள, வர்றேன்."

ஹார்பர் லைனை ஒட்டிய அவர்கள் காலனியைக் காலி செய்யச் சொல்லி நிலத்துக்காரர் போட்ட வழக்கு அது. நாற்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறோம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சின்ன வயசிலிருந்து அங்கேயே கிடக்கும் சங்கரலிங்கத்தின் வாய் ஒன்றுதான் காலனிக்கு ஆதாரம். அதை நம்பி எந்த ஜட்ஜ் தீர்ப்பெழுதப் போகிறார் என்று அவருக்கே மனசு விட்டுப்போயிருந்தது.

அனூப் ரம்பத்தைப் பலகையில் வைத்தான். "நில்லு நில்லு, அறுக்கண்டா!" என்று சத்தம் கேட்டது.

படியேறி வந்தவன் வெள்ளைச் சட்டை, கையில் போன். பெயர் பிஜு என்றான். "பலகை வேணுமான்னு கேட்டு நிங்கள் போட்ட வீடியோ கண்டேன் சேட்டா. அதான் நேரா வந்தேன்."

சங்கரலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அனூப் ஸ்விட்சைத் தட்ட, நீல என்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலத்தில் ஏறியது. பிஜு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தண்டவாளத்தின் ஓரமாகக் குனிந்து போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

"இவன் ரயிலையே பாக்கலையே சங்கரேட்டா" என்று அனூப் காதைக் கடித்தான்.

"சும்மாயிருடா. சில பேருக்குச் சீனரிதான் பிடிக்கும்."

பிஜு நிமிர்ந்தான். "இதெல்லாம் அன்னைக்கு உள்ள மாதிரி தன்னேயா? இல்ல, சும்மா பங்கிக்கு, அழகுக்கு வச்சதா?"

சங்கரலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "சும்மா வச்சதா! எண்பத்தொன்பதாம் வருஷம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு சார். போட்டோவுல இல்லாத ஒரு வேலிக்கம்பு இதுல கிடையாது. எங்க சங்கத்துச் சட்டம் அது. போட்டதே நான்தான்." சுவரில் மாட்டியிருந்த பழைய போட்டோக்களை வரிசையாகக் காட்டினார்.

"அப்போ இந்த பாகம்?" பிஜுவின் விரல் பாதையோரப் பச்சையைத் தொட்டது.

சங்கரலிங்கம் அந்தப் பச்சையையே பார்த்தார். அந்த இடத்தில்தான் அவருடைய அம்மா மாயம்மாளின் குடிசை இருந்தது, அதையொட்டிக் காலனிக் குடிசைகள் இன்னும் இருபது முப்பது. ஆனால் ரயில் பைத்தியங்கள் என்ஜினுக்காகக் காத்துக் கிடப்பார்களே ஒழிய, குடிசைக்கு யார் பிலிமை வீணாக்குவார்கள்? ஒரு படத்திலும் அவை விழவில்லை. சட்டம் போட்டவரே சட்டத்தை மீறலாமா என்று, சாயம் போட்ட மரத்தூளைத் தன் கையாலேயே தூவிப் புல்லாக்கிவிட்டார்.

இப்போது அதைச் சொன்னால், 'அப்போ மத்ததும் இப்படித்தானா' என்று இவனும் கிளம்பிவிடுவான். ரம்பம் வேறு இன்னும் அனூப் கையிலேயே இருக்கிறது.

"வெறும் புல்தரை சார். வேற ஒண்ணும் இல்ல."

"ஒரு குடில் கூட?"

"நான் அந்த லைன் ஓரத்துலயே வளந்தவன் சார். சத்தியமாச் சொல்றேன், ஒண்ணும் கிடையாது."

பிஜு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தான். "மதி, அது போதும். முழுசாயிட்டு எடுக்கறோம். அந்த போட்டோவும் வேணும்."

ஜன்னல் வழியாகச் சுக்கு மூட்டை இறக்கும் கப்பியில் கயிறு கட்டி, சுமை தூக்கும் ஆட்கள் நாலு பேர் பலகையை அலுங்காமல் டெம்போவில் இறக்கினார்கள். ஒரு சிக்னல் கம்பம்கூடச் சாயவில்லை. சங்கரலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அவர் சிரிப்பதை அனூப் அன்றுதான் பார்த்தான்.

டெம்போ கிளம்பும்போது ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "எங்க சார் வைக்கப் போறீங்க? ஞாயித்துக்கிழமை ஒரு நடை வந்து பாத்துக்கட்டுமா?"

"ஞாயிறு வரை எந்தினா காக்கறது? நாளைக்கே கண்டுக்கலாம் சேட்டா. கோர்ட்டுல."