ரேடியோவுக்கு வைத்த குங்குமம்

மைக்கைக் கையில் வாங்கியதும் அவர் குரல் இளமையாகிவிட்டது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடம். சுவரில் கட்டிய வெள்ளைத் திரையில், நிலவை நோக்கி ஒரு கோடு வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. நம் விண்கலம் தரைதொட இன்னும் நேரம் இருந்தது. அதுவரை பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்து நிலாப் பயணத்தைப் பற்றிப் பேசலாம் என்றார் சங்கச் செயலாளர் எத்திராஜ்.

அவள் கணவர்தான் முதலில் எழுந்தார்.

அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். அறுபத்தொன்பதாம் வருடம். கும்பகோணம். மனிதன் நிலவில் கால் வைத்த திங்கட்கிழமை காலை. வீட்டு ரேடியோவை அவருடைய அப்பா ஜன்னலில் தூக்கி வைக்கிறார். தெருவே வாசலில் நிற்கிறது. இங்கிலீஷ் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததுபோல் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

அவ்வளவுதான் கதை. இங்கே எல்லோரும் சிரிப்பார்கள். அவர் உட்கார்ந்துவிடுவார்.

இன்று உட்காரவில்லை.

"அவ பச்சைத் தாவணி போட்டிருந்தா," என்றார். "திங்கட்கிழமை விரதம். தண்ணிகூடக் குடிக்கல. சந்திரன் மேல செருப்புக் காலோட ஏறப்போறாங்களே, ஒண்ணும் ஆகிடக்கூடாதேன்னு, ரேடியோவுக்குக் குங்குமம் வெச்சுக் கும்பிட்டா."

கூடம் சிரித்தது.

அவ.

பக்கத்தில் எத்திராஜின் மனைவி மாலினி முழங்கையால் இடித்தாள். "என்னக்கா, சார் புதுசா ஒரு ஆளை இறக்குறாரே?"

"இறக்கட்டும். வீட்டுக்கு வரட்டும், நான் இவரை இறக்குறேன்."

மாலினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் செண்பகா கோவில்பட்டியில் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தாள். பதினாலு வயது. தலைமையாசிரியை செய்தியைச் சொல்லி, நீங்களும் ஒருநாள் போவீர்கள் என்றார். அவள் நம்பினாள். நிலவில் உடம்பு கனக்காது என்றும் சொன்னார். ஒரு வாரம் மொட்டைமாடியில் குதித்துக் குதித்து நடந்து பழகினாள்.

இவர் முகத்தை முதலில் பார்த்தது அதற்கு ஏழு வருடம் கழித்து, பெண்பார்க்க வந்த அன்று.

விரதம் என்று அவள் ஒருவேளைகூடப் பட்டினி கிடந்தவள் இல்லை.

பச்சைத் தாவணி. நேற்று அவள் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய தாவணி மட்டும் நிறத்தோடு நினைவிருக்கிறது.

ஒன்று கிடைத்ததும் மற்றவை தாமாக வந்தன.

கும்பகோணம் போகும்போதெல்லாம் மேலத்தெரு வழியாகத்தான் நடப்பார். சுற்று வழி. கேட்டால், அங்கேதான் நிழல் என்பார்.

போன தீபாவளிக்கு அவராகவே எடுத்து வந்த புடவை பச்சை.

போன வாரம் பால் பாக்கெட்டைச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். யாரை நினைத்துக்கொண்டு?

அதற்கு முந்தைய வாரம், சாயங்கால நடைக்குப் போனவர் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. வழியில் ஒருத்தரைப் பார்த்தேன் என்றார். யாரென்று சொல்லவில்லை. அவளும் அப்போது கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும்.

அவர் மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோடு தாழ்ந்துகொண்டே போனது. கூடம் அடங்கியது. போன முறையும் இப்படித்தான். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் சத்தமே இல்லாமல் தொடர்பு போய்விட்டது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கிவிட்டது.

நாற்காலிகள் சரிந்தன. எத்திராஜ் யாரையோ கட்டிக்கொண்டு அழுதார். அவள் கணவரும் கைதட்டினார், கண்ணைத் துடைக்காமல்.

அந்தச் சத்தத்துக்குள் அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"யாருங்க அது?"

"எது?"

"பச்சைத் தாவணி."

அவர் திரும்பினார். அவர் எதையாவது ஒளிக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

"என்ன செண்பகா, விளையாடுறியா? நீதான். ரேடியோவைப் பாழாக்கிட்டேன்னு எங்கம்மாகிட்ட எவ்வளவு திட்டு வாங்கின?"

அவருடைய அம்மாவை அவள் பார்த்தது மாலை போட்ட படத்தில் மட்டும்தான்.

கைதட்டல் ஓயவில்லை.

பால் பாக்கெட். வியர்த்த சட்டை. வழியில் பார்த்த அந்த ஒருத்தர்.

"என்ன பச்சை?" என்று கேட்டாள். குரல் சரியாக வந்தது.

"கிளிப்பச்சை."

"ஆமா," என்றாள். "ரொம்பத்தான் திட்டினாங்க."

அவர் சந்தோஷமாக எழுந்து கேசரி வாங்கப் போனார்.

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்தாள். அவருடைய தங்கை மங்கை இன்னும் கும்பகோணத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அன்று அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றிருப்பாள். அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

மறுமுனையில் மணி அடித்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு கைகளிலும் கேசரித் தட்டுகளோடு, அவர் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒருத்தி உண்மையிலேயே இருந்திருக்கட்டும். மேலத்தெருவில், கிளிப்பச்சைத் தாவணியில், இவருக்குப் பிடித்த ஒருத்தி. இத்தனை வருடமும் மனசில் வைத்திருந்திருக்கட்டும். இப்போது, மாட்டிக்கொண்டதும், பொய் சொல்லியிருக்கட்டும். மறதியாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

"சொல்லுங்க அண்ணி," என்றாள் மங்கை.